பெரிய ஃபிலிமை நம்பிப் பிறந்த எளிய கேமராக்கள்

பேக்லைட் என்ற பழைய காலக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி. முன்னால் ஒரே கண்ணாடித் துண்டில் ஒரு லென்ஸ், ஒரே ஒரு ஷட்டர் வேகம். ஃபோகஸ் செய்ய எதுவும் கிடையாது, வெளிச்சத்தை அளக்க எதுவும் கிடையாது, பேட்டரி போட இடமே கிடையாது. 1940களின் கடைசியிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை லட்சக்கணக்கில் செய்து தள்ளிய இந்த மாதிரி மீடியம் ஃபார்மேட் (வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய ஃபிலிம் போடும்) கேமராக்களை இன்று உலகம் முழுக்க ஒரு சின்னக் கூட்டம் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. லைக்காவும் ரோலைஃப்ளெக்ஸும் ஹாசல்பிளாடும் சேர்ப்பவர்களைப் புரிந்துகொள்வது சுலபம்; அவை நுட்பமான இயந்திரங்கள், விலைக்கும் மதிப்புண்டு. கோடாக் பிரவுனி ஹாக்ஐயும் அக்ஃபா கிளாக்கும் சேர்ப்பவர்களுக்கு அப்படி என்ன கிடைக்கிறது? பழசின் மேல் ஆசை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் ஒன்றைத் திறந்து, அதற்குள் என்ன இருக்கிறது, அதைவிட முக்கியமாக என்னவெல்லாம் இல்லை என்று பார்த்தால், வேறு ஒரு கதை தெரியும். கேமரா செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை ஃபிலிமின் தலையில் கட்டிவிட்ட கேமராக்கள் இவை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விகள் எல்லாமே கடைசியில் அந்த ஃபிலிமில் வந்துதான் நிற்கும்.

முதலில் அளவு. 120 என்று அழைக்கப்படும் ரோல் ஃபிலிம் சுமார் 6 செ.மீ. அகலம் கொண்டது. அதில் 6×6 என்று சொல்லப்படும் சதுரப் படத்தின் உண்மையான அளவு ஏறக்குறைய 56×56 மி.மீ.; ஒரு ரோலில் 12 படம் வரும். 6×9 என்றால் 8 படம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24×36 மி.மீ. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் 6×6 நெகட்டிவ் அதைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது, 6×9 ஐந்து மடங்குக்கும் மேல். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் படங்கள் பெரிதாக்கப்படவே இல்லை. நெகட்டிவை நேராகப் பேப்பரின் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, அதே அளவில் பிரிண்ட் எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவிடுவார்கள். கான்டாக்ட் பிரிண்ட் என்பது அதுதான். லென்ஸின் குறைகளைப் பெரிதாக்கிக் காட்ட அங்கே எதுவும் இல்லை. அதே அளவு பிரிண்டை 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கியாக வேண்டும், அப்போது ஓரத்தில் இருக்கும் மங்கலும் ஃபிலிமின் பொரிப்பொரியான துகள்களும் சேர்ந்தே பெரிதாகும். நல்ல லென்ஸ் தேவைப்படுவது அங்கேதான்.

இந்தப் பெட்டிக் கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் மெனிஸ்கஸ் லென்ஸ். ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்த ஒற்றைக் கண்ணாடி, அவ்வளவுதான். இதன் பெரிய குறை, அது உருவாக்கும் பிம்பம் தட்டையாக விழாமல் கிண்ணம் மாதிரி வளைந்து விழுவது. தட்டையான ஃபிலிமில் நடு தெளிவாக இருந்தால் ஓரம் மங்கும். அக்ஃபா இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தது: பிம்பம் வளைகிறதா, சரி, ஃபிலிமையும் வளைத்துவிடு. 1954 முதல் 1965 வரை வந்த கிளாக் கேமராவின் பின்கதவைத் திறந்து பார்த்தால் ஃபிலிம் ஓடும் தடம் வில் போல வளைந்திருப்பது தெரியும். அதனால்தான் அந்தக் கேமராவின் வெளியுருவமே முட்டை வடிவத்தில் இருக்கிறது. அழகுக்காகச் செய்ததாக நினைக்கத் தோன்றும், ஆனால் ஒற்றைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு 6×9 முழுவதையும் ஓரளவு தெளிவாக எடுக்கச் செய்த ஏற்பாடு அது. விலை உயர்ந்த லென்ஸ் போட்டுத் தீர்க்கும் பிரச்சினையை ஃபிலிம் தடத்தின் வளைவால் தீர்த்திருக்கிறார்கள். இந்த வகைக் கேமராக்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிளாக்தான், அதற்குப் பாதிக் காரணம் இந்த வளைவு.

ஃபோகஸ் இல்லாமல் எப்படிப் படம் தெளிவாக வருகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 80 மி.மீ. லென்ஸ், எஃப்/15 அளவில் சின்ன துவாரம் என்று வைத்துக்கொள்வோம். கான்டாக்ட் பிரிண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டால், லென்ஸைச் சுமார் 4.3 மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து அப்படியே இறுக்கிவிட்டால் போதும். 2 மீட்டர் சொச்சத்திலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து எடுக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆக, ஃபோகஸ் வசதியை யாரும் மறந்துவிடவில்லை, தேவைப்படாத இடமாகப் பார்த்து அதை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் இன்று அதே நெகட்டிவை ஸ்கேன் செய்து பெரிய திரையில் விரித்துப் பார்த்துவிட்டு, லென்ஸ் மோசம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த லென்ஸை அந்தப் பார்வைக்காக யாரும் செய்யவில்லையே.

வெளிச்ச விஷயமும் அதே மாதிரிதான். ஷட்டர் வேகம் பொதுவாக ஒரு நொடியில் 30இல் ஒரு பங்கிலிருந்து 50இல் ஒரு பங்கு வரை இருக்கும். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஃபிலிம் வேகத்தின் எண்ணாக இருக்கட்டும் என்பது பழைய விதி, 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு 1/100. பெட்டிக் கேமரா அதைவிட ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இரண்டு மடங்குக்கு, கொஞ்சம் மேலாகவே வெளிச்சத்தை உள்ளே விடும். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை நன்றாகவே தாங்கும், குறைவான வெளிச்சத்தைத்தான் தாங்காது. மேகம் மூடினாலும் மர நிழலுக்குப் போனாலும் அந்தக் கூடுதல்தான் காப்பாற்றும். கோடாக் 1956இல் கொண்டுவந்து 2002 வரை விற்ற வெரிக்ரோம் பான் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் இப்படிப்பட்ட கேமராக்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. நிறைய விட்டாலும் கொஞ்சம் விட்டாலும் பிரிண்ட் எடுக்கக்கூடிய ஒரு நெகட்டிவைக் கொடுத்துவிடும்.

இப்படி ஃபிலிமின் தலையில் எல்லாவற்றையும் கட்டியதற்கு வியாபாரக் காரணம் உண்டு. கேமரா செய்தவர்கள் பலரும் ஃபிலிம் விற்றவர்கள். 1900இல் முதல் பிரவுனி ஒரு டாலருக்கு வந்தது, அதற்கான ஃபிலிம் ரோல் 15 சென்ட். அடுத்த ஆண்டு நம்பர் 2 பிரவுனிக்காகக் கொண்டுவந்த ஃபிலிம்தான் 120. இன்று வரை உயிரோடு இருப்பதும் அதுதான். 1930இல் கோடாக் தன் ஐம்பதாவது ஆண்டைச் சாக்காக வைத்து, அந்த ஆண்டு 12 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் கேமராக்களைச் சும்மாவே கொடுத்தது. தர்மம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் அக்ஃபா 1932இல் செய்தது இன்னும் குறும்பு: ஒரு மார்க் நாணயங்கள் நான்கைக் கொடுத்து ஒரு பெட்டிக் கேமராவை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த நாணயங்களில் இருக்கும் நாணயச்சாலை எழுத்துகளைச் சேர்த்தால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். நாடு முழுக்க ஆட்கள் சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அப்படி வாங்கிய கேமராவைப் பிறகு வருடக்கணக்கில் அக்ஃபா ஃபிலிமால் நிரப்பியிருப்பார்கள்.

அதே 1932இல் கோடாக் 620 என்ற ஃபிலிமைக் கொண்டுவந்தது. சேர்ப்பவர்களுக்குத் தலைவலியின் தொடக்கம் இது. 620இல் இருப்பது அதே 120 ஃபிலிம்தான், ஃபிலிமின் முதுகில் சேர்ந்து வரும் அதே பேக்கிங் பேப்பர், அதில் அச்சிட்ட அதே எண்கள். மாறியது ஃபிலிமைச் சுற்றிவைக்கும் ஸ்பூல் மட்டும்: நடுத்தண்டு மெலிசு, விளிம்பு கொஞ்சம் சின்னது. ஸ்பூல் சின்னதானால் கேமராவையும் ஒல்லியாகச் செய்யலாம் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் 620 கேமராவில் 120 ரோல் நுழையாது என்பதும் அதன் விளைவு, அதில் நிறுவனத்துக்கு வருத்தம் எதுவும் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. 1995இல் கோடாக் 620ஐ நிறுத்தியது. அதற்குள் அந்த ஸ்பூலுக்காகச் செய்த கேமராக்கள் கணக்கில் அடங்காத அளவுக்கு உலகெங்கும் பரவிவிட்டன.

பெட்டியின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்ப காலப் பெட்டிகள் அட்டையாலும் மரத்தாலும் தகரத்தாலும் ஆனவை. நூற்றாண்டின் நடுப்பகுதி வகைகளை அடையாளம் காட்டுவது பேக்லைட். லியோ பேக்லண்ட் என்ற வேதியியலாளர் முதலில் செய்து பெயர் வாங்கியது வெலாக்ஸ் என்ற புகைப்படப் பேப்பர். 1899இல் அதை ஜார்ஜ் ஈஸ்ட்மனிடம் விற்றார். கையில் வந்த பணம் சொந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனது, 1907இல் பேக்லைட் பிறந்தது. போட்டோ பேப்பருக்காகக் கோடாக் கொடுத்த பணம் சுற்றிச் சுழன்று கோடாக் கேமராக்களின் உடம்பாகவே திரும்பி வந்தது என்று சொன்னால் ரொம்ப மிகையாகாது. ஒரே அச்சில் லட்சம் பெட்டிகளை வார்க்கலாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், வெளிச்சம் ஊடுருவாது. கீழே போட்டால் மட்டும் சில்லு சில்லாக உடையும்.

யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று முழுப் பட்டியல் போட்டால் முடியாது, முக்கியமானவற்றைச் சொல்கிறேன். பிரவுனி ஹாக்ஐ 1949இல் வந்தது, ஃபிளாஷ் வைத்த வகை 1961 வரை விற்றது. ஆர்தர் கிராப்ஸி என்ற கோடாக் வடிவமைப்பாளரின் கைவண்ணம். முன்புறம் வரிவரியாகக் கோடுகள், மேலே ஒரு கைப்பிடி, கையில் வைத்தால் கனகச்சிதம். டுவாஃப்ளெக்ஸ் அதே காலம். இரண்டு லென்ஸ் வைத்த ரோலைஃப்ளெக்ஸ் மாதிரி தோற்றம் காட்டும், ஆனால் மேல் லென்ஸ் காட்சியைக் குறிபார்க்க மட்டும் உதவும் வியூஃபைண்டர், ஃபோகஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிழக்கு ஜெர்மனியில் ஃப்ரைடால் என்ற ஊரில் கார்ல் பூவா செய்த பூவா ஸ்டார்ட் 1951இல் தொடங்கியது. லென்ஸ் இருக்கும் குழலைத் திருகி வெளியே இழுத்தால்தான் படம் எடுக்க முடியும், மூடினால் சட்டைப் பையில் இல்லாவிட்டாலும் கோட்டுப் பையில் அடங்கும். லெனின்கிராடில் 1949இல் பிறந்த லுபிடெல், போருக்கு முன்பு வந்த ஜெர்மனியின் ஃபோக்ட்லாண்டர் பிரில்லண்டை அப்படியே பின்பற்றியது என்றாலும், இந்தக் கூட்டத்தில் அது கொஞ்சம் மேல்வகுப்பு: மூன்று கண்ணாடி லென்ஸ், உண்மையாகவே ஃபோகஸ் ஆகும், ஷட்டர் வேகங்களும் பல. 1960களில் ஹாங்காங்கிலிருந்து வந்த டயானா மறுகோடி. லென்ஸும் பிளாஸ்டிக், 120 ரோலில் 16 சின்னச் சதுரங்கள், வெளிச்சம் எங்கிருந்து கசியும் என்று அதற்கே தெரியாது.

இவ்வளவு எளிய கருவியால் என்ன எடுத்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 1953 மே 3, கலிஃபோர்னியாவில் ரெடிங் அருகே பிட் ரிவர் பாலத்தில் ஒரு லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. உள்ளே இருந்தவர்களைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டிருந்ததை அந்த வழியாக வந்த வர்ஜீனியா ஷாவ் என்ற பெண் தன் பிரவுனியில் எடுத்தார். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு அந்தப் படத்துக்குப் போனது. புகைப்படத்துக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். நல்ல வெளிச்சம், போதுமான தூரம், அசையாத கை; பிரவுனி கேட்கும் மூன்றும் அங்கே இருந்தன.

இந்த உலகம் முடிந்ததற்கும் ஃபிலிம்தான் காரணம். ஃபிலிம் துகள்கள் நுணுக்கமாகிக்கொண்டே வந்தன, சின்ன நெகட்டிவிலிருந்து பெரிதாக்கி எடுக்கும் கலர் பிரிண்டே வழக்கமானது. 1963இல் கோடாக் இன்ஸ்டமாட்டிக் வந்தது: கேசட்டைப் பொட்டென்று போட்டு மூடினால் போதும், ரோலைக் கோர்க்கும் தொல்லையே இல்லை. 1970க்குள் 5 கோடிக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது. பெரிய ஃபிலிமை நம்பி இருந்த எளிய கேமராவுக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. மீடியம் ஃபார்மேட் தொழில்முறைக்காரர்கள் கைக்குப் போனது. சிறப்பு என்னவென்றால், அவர்கள் புண்ணியத்தில்தான் 120 ஃபிலிம் இன்னமும் கிடைக்கிறது. இல்ஃபோர்ட், ஃபோமா, கோடாக் எல்லாம் இப்போதும் விற்கின்றன. கோடாக் 2022இல் கோல்டு 200ஐக்கூட 120 ரோலாகக் கொண்டுவந்தது. அந்த இன்ஸ்டமாட்டிக்குக்குப் போட வழக்கமான கேசட் இன்று கிடையாது. தோற்றுப்போன வகைக்குத் தீனி இருக்கிறது, ஜெயித்த வகை பட்டினி.

அதனால் புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்கு நான் சொல்வது, அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்த ஃபிலிம் கேட்கிறது என்று பாருங்கள். 120 என்றால் எந்தக் கவலையும் இல்லை: கிளாக், லுபிடெல், பூவா ஸ்டார்ட் எல்லாம் இதில் வரும். 620 என்றால் கொஞ்சம் கைவேலை. 116, 616 என்றால் கோடாக் 1984இலேயே நிறுத்திவிட்டது, அடாப்டர் வைத்து 120ஐ ஓட்டலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். 127 என்றால் அவ்வப்போது யாராவது சின்ன அளவில் தயாரிப்பார்கள், விலை கடிக்கும்.

620க்கான கைவேலை என்ன? 120 ரோலை இருட்டில் 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். ஃபிலிம் பேக்கிங் பேப்பரில் ஒரு முனையில் மட்டும்தான் டேப்பால் ஒட்டியிருக்கும், அதனால் ஒரே தடவையில் முடியாது. ஒரு ஸ்பூலுக்குச் சுற்றி அங்கிருந்து இன்னொரு ஸ்பூலுக்குச் சுற்றினால்தான் முனைகள் சரியான வரிசையில் வரும். இரண்டாவது சுற்றின் கடைசியில் டேப் இருக்கும் இடத்தில் ஃபிலிம் சற்று உப்பி நிற்கும். அந்த டேப்பை மெல்ல உரித்து, ஃபிலிமைச் சமமாக்கி, திரும்ப ஒட்ட வேண்டும். வீணாய்ப்போன ஒரு ரோலை வைத்து வெளிச்சத்தில் சில தடவை செய்து பழகிவிட்டால் இருட்டில் கை தானாகப் போகும். சிலர் 120 ஸ்பூலின் விளிம்பை நகவெட்டியால் நறுக்கி உள்ளே தள்ளுகிறார்கள். சில கேமராக்களில் ஓடுகிறது, சிலவற்றில் பாதியில் சிக்கிக்கொள்கிறது. ஹாக்ஐ இதில் கொஞ்சம் தாராளம்: பல ஹாக்ஐகளில் ஃபிலிம் வரும் பக்கம் 120 ரோல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், சுற்றிக்கொள்ளும் பக்கம் மட்டும் 620 ஸ்பூல் வேண்டும். ஆகவே காலி 620 ஸ்பூல் இல்லாத கேமரா ஒற்றைச் செருப்பு மாதிரி. வாங்கும்போது உள்ளே ஸ்பூல் இருக்கிறதா என்று கேளுங்கள், டெவலப் செய்யக் கொடுக்கும்போது ஸ்பூலைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், மறந்தால் லேப் அதைக் குப்பையில் போட்டுவிடும்.

பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னல் அடுத்த விஷயம். இந்தக் கேமராக்களில் படம் எத்தனை என்று எண்ணும் இயந்திரம் பெரும்பாலும் இல்லை. பேக்கிங் பேப்பரில் அச்சிட்ட எண்ணை அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும். ஏன் சிவப்பு? அந்தக் கால ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. எல்லா நிறமும் உறைக்கும் இன்றைய பான்க்ரோமாட்டிக் ஃபிலிமுக்கு அதுவும் உறைக்கும். பேப்பர் கறுப்புதான் என்றாலும் கடும் வெயிலில் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தால் புள்ளி புள்ளியாகக் கறை விழலாம், ஆகவே ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிவைத்து, சுற்றும்போது மட்டும் நிழலில் தூக்கிப் பாருங்கள். இப்போதைய சில ரோல்களில் எண்கள் மங்கலாக அச்சிடப்பட்டிருப்பதால் சிவப்புக் கண்ணாடி வழியாக அவற்றைத் தேடுவது பெரும்பாடு. பேப்பரில் எண் நன்றாகத் தெரியும் பிராண்டாகப் பார்த்து வாங்குவதே மேல்.

பழைய கேமராவைத் திறந்தால் சில சமயம் உள்ளே ஒரு ரோல் இருக்கும். ஜன்னலில் எண் தெரிந்தால் திறக்காதீர்கள். இருட்டில் கடைசிவரை சுற்றி எடுத்து வையுங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிந்த பிம்பம் டெவலப் ஆகாமலேயே பல பத்தாண்டுகள் தங்கக்கூடியது, வெரிக்ரோம் பான் அதில் பேர் போனது. கோடாக்கின் பழைய கலர் ஃபிலிமான கோடாகலர் என்றால் கதை வேறு. அதை டெவலப் செய்யும் சி-22 என்ற முறை காலாவதியாகிவிட்டது, 1972இல் வந்த சி-41 அதற்குப் பொருந்தாது, ஆகையால் கறுப்பு வெள்ளையாக டெவலப் செய்வதுதான் பொதுவான வழி. கிடைப்பது பெரும்பாலும் மங்கலான ஒரு கடற்கரை, ஒரு கார், கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் யாரோ ஒருவர். இதற்காகவே கேமராவை வாங்கும் கூட்டமும் உண்டு. அந்தப் படங்களைப் பொதுவெளியில் போடுவது சரியா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஓடும். எனக்கு அதில் போடாமல் இருப்பவர்கள் பக்கம்தான் சாய்வு, முகம் தெரிகிற படங்களையாவது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை, ஏனென்றால் கெட்டுப்போக அதிகம் இல்லை. 1970களின் கேமராக்களில் கதவோரம் இருக்கும் நுரைப் பட்டை கரைந்து பிசின் ஆகிவிடும். இவற்றில் பெரும்பாலும் நுரையே கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று புகும் பள்ளங்களாலேயே வெளிச்சத்தைத் தடுத்திருக்கிறார்கள். ஷட்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அழுத்துங்கள், பட்டென்று திறந்து மூட வேண்டும். சோம்பலாக இருந்தால் அழுக்கு. எண்ணெய் விடவே கூடாது, அது தகட்டில் பரவி ஒட்டிக்கொள்ளும். இருட்டறையில் உள்ளே ஒரு சின்ன டார்ச்சை வைத்து மூடினால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். ஃபிலிம் உரசும் உருளைகளில் துரு இருந்தால் ஒவ்வொரு படத்திலும் கோடு விழும். வியூஃபைண்டருக்குள் இருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடியில் அவசரப்படாதீர்கள்: பலவற்றில் பூச்சு கண்ணாடியின் மேல் பக்கத்திலேயே இருக்கும், துணியால் ஒரு அழுத்துத் துடைத்தால் அழுக்கோடு பூச்சும் வந்துவிடும். பிளாஸ்டிக் லென்ஸாக இருந்தால் ஆல்கஹால் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம். மடிக்கும் கேமராக்கள் பக்கம் போனால் வேலை கூடும். அக்ஃபா ஐசோலெட் வகையில் ஃபோகஸ் திருகின் பழைய கிரீஸ் இறுகிப் பசையாகி நிற்பதும், லென்ஸுக்கும் உடம்புக்கும் நடுவே துருத்தி போல மடியும் பெல்லோஸின் மூலைகளில் ஊசித்துளை விழுவதும் எல்லோருக்கும் தெரிந்த நோய்கள்.

"அரியது", "அபூர்வம்" என்று போட்டு விற்பவர்களை நம்ப வேண்டாம். லட்சக்கணக்கில் செய்த பொருள் எப்படி அரிதாகும்? உண்மையில் கிடைக்கச் சிரமமானவை நிற வேறுபாடுகள், ஒரே உடம்பில் வேறு வேறு பெயர் போட்டு வந்த வகைகள், அட்டைப் பெட்டியும் கையேடும் ஃபிளாஷும் சேர்ந்த முழுத் தொகுப்புகள். டயானாவை எடுத்துக்கொண்டால் அதே கேமரா டஜன் கணக்கான பெயர்களில் வந்திருக்கிறது, அதை மட்டுமே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஹாக்ஐக்குள் இன்னொரு சின்ன சந்தோஷம் உண்டு: உள்ளே நான்கு எழுத்துகள் முத்திரையிடப்பட்டிருக்கும். CAMEROSITY என்ற கோடாக்கின் பத்தெழுத்துக் குறியீட்டில் முதல் எழுத்து 1, அடுத்தது 2, இப்படியே போய்க் கடைசி எழுத்து 0. முதல் இரண்டு எழுத்து மாதம், அடுத்த இரண்டு ஆண்டு. ஒய்-எஸ்-ஆர்-எம் என்று இருந்தால் 0, 7, 5, 3. அதாவது 1953 ஜூலையில் செய்தது. அலமாரியில் இருப்பதில் மூத்தது எது என்று தெரிந்துகொள்ள வேறு ஆவணம் வேண்டாம்.

படம் எடுக்கும்போது மறக்கக் கூடாதது ஒன்றுதான். படம் மங்குவதற்கு லென்ஸைவிடக் கைதான் அடிக்கடி காரணம். 1/40 நொடி என்பது நீண்ட நேரம், ஷட்டர் நெம்புகோலோ பெரும்பாலும் முரடு. கேமராவை வயிற்றோடு சேர்த்து அணைத்து, மூச்சைப் பிடித்து, நெம்புகோலைத் தட்டாமல் மெதுவாக அமுக்குங்கள். எடுத்த உடனே அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிடுங்கள், ஏனென்றால் ஒரே இடத்தில் இரண்டு படம் விழுவதைத் தடுக்க இவற்றில் பலவற்றில் எந்த ஏற்பாடும் இல்லை. வேண்டுமென்றே அப்படி எடுப்பவர்களும் உண்டு. ஹாக்ஐயின் லென்ஸைக் கழற்றித் திருப்பிப் போட்டால் நடு மட்டும் தெளிந்து ஓரமெல்லாம் சுழன்று கரையும். இணையத்தில் பிரபலமான விளையாட்டு அது, ஒரு ரோலுக்கு நன்றாக இருக்கும், அப்புறம் எல்லாப் படமும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும்.

எத்தனை வாங்குவது என்பதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரோலின் விலையையும் அதை டெவலப் செய்யும் செலவையும் கூட்டினால் பல பெட்டிக் கேமராக்களின் விலையைத் தொட்டுவிடும். அன்று போலவே இன்றும் செலவு ஃபிலிமில்தான். ஆகவே பத்துக் கேமரா வாங்கி ஒன்றிலும் ரோல் போடாமல் இருப்பதைவிட, 120 போடும் ஒரு 6×9, ஒரு 6×6, ஃபோகஸ் உள்ள ஒரு லுபிடெல் என்று மூன்றை வைத்துக்கொண்டு, மிச்சக் காசை ரோலுக்குக் கொடுக்கலாம். வைக்கும் இடம் உலர்ந்ததாக இருக்கட்டும், ஃபிளாஷில் பழைய பேட்டரி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கூட வந்த தோல் உறையைத் தனியாக வையுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்து லென்ஸில் பூஞ்சை வளர்ப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.